நுரைக்குக் கணக்கில்லை

மவுண்ட் ரோடு, எல்.ஐ.சி.க்கு எதிர்ச்சந்து.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
இந்தக் கதவைத் தள்ளுகிறேன்.
முத்திரை ஆய்வாளர் என்றால்
தபால் ஆபீசா என்று கேட்பார்கள் உறவில்.
எடைக்கல், தராசு, பெட்ரோல் பங்க்,
மீன் மார்க்கெட்டில் அடியில் காந்தம் ஒட்டிய தட்டு,
இதெல்லாம்தான் என் நாள்.
இன்றைக்கு ஓரியன் பார்.

வெயில் வாசலோடு நின்றுகொண்டது.
உள்ளே நாலரை மணிக்கே
யாரோ ஊற்றி வைத்த இரவு.
தேக்குக் கவுண்ட்டர்
முழங்கை பட்டுப் பட்டு
இரண்டு இடத்தில் குழிந்திருக்கிறது.
மிளகு தூவிய அவித்த முட்டை, பினாயில்,
என்றைக்கோ நனைந்து இன்னும் காயாத மரம்.

பெண் ஒருத்தி நுழைந்ததும்
ஏழு முதுகுகள் நிமிர்ந்தன.
ஒருவர் கிளாஸைப் பேப்பரால் மூடினார்.
"மேடம் வந்துட்டாங்க" என்று
பூமிநாதன் உள்ளே பார்த்துச் சொன்னது
தகவலா, எச்சரிக்கையா, தெரியவில்லை.

டெரிக் மட்டும் பதறவில்லை.
முப்பது மில்லி, அறுபது மில்லி
பெக் அளவைகளைத் துடைத்து
வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்தார்,
பல் டாக்டர் போல.
தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
அறுபதில் அரை மில்லி குறைவு.
எங்கள் அட்டவணையில்
அவ்வளவுக்கு மன்னிப்பு உண்டு.

மூலையிலிருந்து ஒரு குரல்:
"பெக்கை விடுங்க மேடம், பீர் மக்கைப் பாருங்க.
முக்கால் பீரு, கால் நுரை.
நுரைக்கும் நான்தானே துட்டு குடுக்கறேன்?"
இஸ்மாயில்கான்.
புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் வியாபாரம்.
இரும்பைக் கிலோவில் வாங்கி
உருப்படியில் விற்பவர்.

டெரிக் முதல் தடவையாக வாய் திறந்தார்.
"பேரல் நேத்துதான் வந்துச்சு.
லாரியில குலுங்கின கோவம்
அடங்க ரெண்டு நாள் ஆகும்.
ஓனர் கேக்கல, சனிக்கிழமை கூட்டம்னுட்டார்.
பாட்டில்ல இருக்கறது செத்தது, மேடம்.
இதுக்கு உசிரு இருக்கு.
தூக்கத்துல எழுப்பினா
நுரைக்கத்தான் செய்யும்."

மக்கை வாங்கி மேஜையில் வைத்தேன்.
தேய்ந்த பச்சைக் கோடு ஒன்று இருந்தது.
கோடு எங்கே, நுரை எங்கே.
"அடங்கட்டும்" என்றேன்.

பிறகு நடந்ததற்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது.
பத்துப் பேர், ஒரு மக்.
ரேடியோவில் ஸ்டேஷன் மாறும் இடைவெளி மாதிரி
நுரை பொரிந்து பொரிந்து இறங்கும் சத்தம்
அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.
ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப்
போட்டுக்கொண்டார்.
பூமிநாதன் கையில் சுண்டல் ஆறியது.
இத்தனை ஆண்கள் ஒன்றுகூடி
ஒன்றுமே பேசாமல் காத்திருந்ததை
ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பார்த்திருக்கிறேன்.

நாலு நிமிஷம் பத்து விநாடி.
கோட்டுக்கு ஒரு விரல் கீழே
நின்றது பீர்.

இஸ்மாயில்கான் ஜெயித்தவர் மாதிரி இல்லை.
முப்பத்தொரு வருடமாக இதே ஸ்டூல்.
ஒரு விரல், ஒரு விரலாக
எத்தனை பேரல் போயிருக்கும் என்று
அவர் உதடு கணக்குப் போட்டது.
பாதியில் விட்டுவிட்டார்.

டெரிக் மறுபேச்சில்லாமல்
கோடு வரைக்கும் நிரப்பினார்.
"நுரை நீங்கலாக" என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடியும் எழுதினேன்.

ஆறு மணி.
பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்,
அதோடு ஆபீஸும் மூடியது.
குளிர் போய், மேலே வெறுமையாக,
யாரும் கேட்காத அந்த மக்கை
என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.
முதலில் கசப்பு. அப்புறம்
பேக்கரி வாசலைக் கடக்கிற மாதிரி ஏதோ.
சுண்டல் தட்டு ஒன்று
என்னைப் பார்க்காமலே என் முன்னால் வந்தது.

காசு வேண்டாம் என்றார் டெரிக்.
வாங்கிக்கொள்ளாவிட்டால்
அதற்கு வேறு பேர் என்றேன்.
சில்லறை எடுக்க உள்ளே போனவர்
வெகுநேரம் வரவில்லை.
நானும் கூப்பிடவில்லை.